என் ஓரகத்தியின் தைராய்டு

என் ஓரகத்திக்குத் தைராய்டு என்று ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். அவளுடைய நகையைப் பார்த்து எனக்கு அப்படி ஆனதில்லை. அவள் நிறத்தைப் பார்த்தும் ஆனதில்லை. அதெல்லாம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். ஆனால் இந்த நோய் எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. நோய்க்குப் போய் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்கிறவர்கள், எங்கள் வீட்டில் ஒரே ஒரு பௌர்ணமிக்கு மருமகளாக இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

எங்கள் வீடு திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனை போட்டு விற்ற இடத்தில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்த ஆபீசிலேயே வேலை. அவருடைய தம்பி, என் கொழுந்தனார், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விடும் ஒரு கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார், இரண்டு மகன்கள், மூத்த மருமகளாகிய நான், என் இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி என் ஓரகத்தியும் வந்து சேர்ந்தாள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற சொந்தக்காரர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர். அப்புறம் என்ன ஆனதோ, வருஷத்துக்கு வருஷம் கூட்டம் ஏறியது. ஸ்பெஷல் பஸ் விட ஆரம்பித்தார்கள். ஆரணி, போளூர், வந்தவாசி, மெட்ராஸ் என்று எங்கெங்கோ இருந்த உறவெல்லாம், திருவண்ணாமலையில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டது. மத்தியானம் வந்து பையை வைப்பார்கள். குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், சாயங்காலம் கிளம்பிப் போய் ராத்திரி முழுக்க மலையைச் சுற்றிவிட்டு, விடியற்காலையில் கோயிலில் தரிசனம் முடித்து வந்து ஹால் முழுக்கப் படுப்பார்கள். எழுந்ததும் டிபன். கிரிவலத்தின் புண்ணியம் அவர்களுக்கு, பாத்திரம் எனக்கு. பௌர்ணமி போனால் அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம். கார்த்திகை தீபம் வந்தால் சொல்லவே வேண்டாம், படியில்கூட ஆள் படுத்திருக்கும்.

நான் வேலைக்கு அழுகிறவள் இல்லை. ஆனால் எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு நாள், ஒரு வாரத்து அலுப்பு இல்லை. மாவு அரைக்கும்போது நின்றபடியே கண் செருகும். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காரத் தோன்றும். தலையைச் சீவினால் சீப்பு நிறைய முடி. "எனக்கு ரொம்ப அசதியா இருக்குதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னால், "ராத்திரி சீக்கிரமாப் படு" என்பார். சீக்கிரமாகப் படுக்க யார் விட்டார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. மாமியாரிடம் சொன்னால், "அந்தக் காலத்துல நாங்க நாத்து நட்டுட்டு வந்து சோறாக்கினோம்" என்பார். அசதி அசதி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அசந்து போனது. பத்து வருஷத்துக்கு மேலாக நான் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தையை அந்த வீட்டில் ஒருத்தர்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போது, வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத என் ஓரகத்தி ஒரு நாள் மத்தியானம் அசந்து தூங்கிவிட்டாள். மறுநாளும் தூங்கினாள். "முடி கொட்டுதுக்கா, கை காலெல்லாம் வீங்கினாப்பல இருக்குது" என்று என்னிடம் சொன்னாள். நான் என் சீப்பை எடுத்துக் காட்டினேன். அவள் கொழுந்தனாரிடம் போய்ச் சொன்னாள். அங்கேதான் அவள் கெட்டிக்காரி.

கொழுந்தனார் பதறிவிட்டார். அவருடைய கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த வெள்ளைக்காரிகளுக்கு ரத்தம் எடுக்க ஒரு லேபிலிருந்து வீட்டுக்கே வருவார்களாம். ஹார்மோன், கால்சியம், இரும்புச் சத்து, உப்பு, சர்க்கரை, கொழுப்பு என்று உடம்பில் உள்ளதை எல்லாம் ஒரே தடவையில் பார்த்துவிடுவார்களாம். ரத்தம் பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போய், ரிப்போர்ட் கூரியரில் வந்துவிடும். நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதே புதுசு. பால்காரர் மாதிரி.

ஒரு நாள் காலையில் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். ஓரகத்தியை சோபாவில் உட்காரவைத்தார்கள். ஒரு கையை அந்த அம்மா பிடித்திருக்க, இன்னொரு கையைக் கொழுந்தனார் பிடித்துக்கொண்டார். மூடி சிவப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, ஊதாவாக ஒன்று என்று சின்னச் சின்ன கண்ணாடிக் குழாய்கள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோ ரத்தமா எடுப்பாங்க, அய்யோ, புள்ளைக்கு மயக்கம் வந்துடப் போவுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் இரண்டு பிரசவத்தில் போன ரத்தத்துக்கு அந்தக் கண் கலங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ரிப்போர்ட் பளபளவென்று ஓர் அட்டைக்குள் வந்தது, கல்யாணப் பத்திரிகைகூட அப்படி இருக்காது. என் வீட்டுக்காரர்தான் இங்கிலீஷில் படித்துச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது, தைராய்டுக்கு நேராக மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. எது அளவு மீறிப் போயிருக்கிறதோ அதற்கு நட்சத்திரம் போடுவார்களாம். டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி வந்தார்கள்.

அன்றையிலிருந்து ஆரம்பித்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பிடக் கூடாது என்றுதான் சொன்னார், சமைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மாமியார், "அந்த வாசனையில அதுக்குப் பசிக்கும், பாவம், உள்ள வராதம்மா" என்று அவளைச் சமையலறைக்கு வெளியே நிறுத்திவிட்டார். அந்த ஒரு மணி நேரம் மெல்ல இழுத்துக்கொண்டு பதினொரு மணி வரைக்கும் போனது. முட்டைக்கோஸ் கூடாது என்று யாரோ சொன்னார்கள், வீட்டில் யாருமே முட்டைக்கோஸ் சாப்பிடக் கூடாது என்றாகிவிட்டது. ராத்திரி அவளுக்குப் பாதாம் பால். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்குதாம். அது வேலை செய்ய மாட்டேங்குதாம். அதான் புள்ளை சோர்ந்து சோர்ந்து படுக்குது. இது தெரியாம நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டேன்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார். பௌர்ணமிக்கு வந்த சொந்தங்கள் எல்லாம் பையை வைக்கும் முன்பே, "தைராய்டு எப்படிம்மா இருக்குது?" என்று அவளை விசாரித்தார்கள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்பது போல. என்னிடம், "குளிக்கச் சுடுதண்ணி இருக்குதா?" என்று கேட்டார்கள்.

அவள் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "நான் காய் நறுக்கித் தரட்டாக்கா?" என்று வருவாள். நான் வெடுக்கென்று, "நீ போய்ப் படு தாயே, அப்புறம் எனக்குத்தான் திட்டு விழும்" என்பேன். அவளும் போய்ப் படுத்துக்கொள்வாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு தடவையாவது போகாமல் நின்றிருக்கலாம் இல்லையா?

அவளுக்குச் சொன்ன சுரப்பி எனக்கும்தானே இருக்கிறது, அது மட்டும் ஏன் ஒழுங்காக வேலை செய்கிறது என்று யோசித்தேன். கண்ணாடி முன்னால் நின்று தண்ணீரை ஒரு வாய் முழுங்கிக் கழுத்தில் ஏதாவது மேடாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாம் என்று லேப் அம்மா ஓரகத்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நான் ஒரு சொம்புத் தண்ணீரையும் அப்படிக் குடித்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் வீங்கியிருப்பது போலத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்த வீக்கம் இல்லை. தாலிச் சரட்டின் நிழல்.

கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டேன்.

"எனக்கும் அந்த டெஸ்ட் எடுக்கணும்."

"உனக்கு இன்னா கேடு?"

"அதத்தான் பாக்கச் சொல்றேன். உள்ள இன்னா கேடு இருக்குதுன்னு யாரு கண்டா?"

"நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்கிற."

எனக்கு வந்ததே கோபம். "உங்க தம்பி பொண்டாட்டி தூங்கினா நோவு, நான் தூங்கினா சோம்பல். அப்படித்தானே? எனக்கும் ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க. ஒன்னும் இல்லன்னு வந்துதுன்னா நான் ஜென்மத்துக்கும் வாயத் திறக்கல" என்று கத்தினேன். சத்தம் கேட்டுக் கொழுந்தனார் எட்டிப் பார்த்து, "அண்ணிக்கும் எடுத்துடலாமேண்ணா, நான் சொல்றேன்" என்றார். தம்பி சொன்னதும் அண்ணன் தலையாட்டினார்.

லேப் அம்மா நினைத்த நாளில் வருகிறவர் இல்லை. நிறையப் பேருக்கு எடுக்க வேண்டிய நாளாகப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் வருவார். அந்த நாள் பார்த்து, பௌர்ணமிக்கு மறுநாள் காலை என்று அமைந்தது. முந்தின நாள் போனில் சொன்னார்: ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வாயில் வைக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். எனக்கு அதில் என்ன கஷ்டம்? மாதா மாதம் கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவள் நான். வெறும் வயிறு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விடிந்ததும் மலை சுற்றப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். போளூரிலிருந்து வந்திருந்த என் சின்ன மாமியார், கால் வலியோடு விந்தி விந்தி வந்து, கோயிலில் வாங்கிய பிரசாதத்தை எடுத்து வைத்தார். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல், நெய் மிதந்தது. தெரிந்த குருக்கள் ஒருவர் கொடுத்த பஞ்சாமிர்தம் தனியாக. என்னைக் கூப்பிட்டு, "இந்தா, கையை நீட்டு. அண்ணாமலையார் பிரசாதம்" என்று ஒரு கை நிறையப் பொங்கலை வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். "இதையும் புடி" என்று பஞ்சாமிர்தம். அதையும் நக்கி முடித்துக் கையைத் தலையில் தடவிக்கொண்டேன். பிரசாதத்தை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னது கிடையாது. விரதத்தன்றைக்கும் அப்படித்தான். பிரசாதம் வாயில் போட்டால் விரதம் கெட்டுப்போகும் என்று இந்த ஊரில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. "வெறும் வயிறுதானே?" என்று லேப் அம்மா கேட்டார்.

"ஆமாங்க. ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி தவிர ஒன்னும் இல்ல."

"இன்னும் காபிகூடக் குடிக்கலம்மா அவ" என்று மாமியாரும் சாட்சி சொன்னார். பொங்கல் வைத்த சின்ன மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம்.

என் கையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். ஊசி ஏறும்போது சின்ன மாமியார், "ஏம்மா, எனக்கும் அப்படியே ஒரு குழா எடுத்துப் பாரேன், முட்டி வலிக்குது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா பஞ்சை வைத்து அழுத்திக்கோங்க என்றார். அழுத்திக்கொண்டே போய் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினேன்.

ரிப்போர்ட் வரும் வரைக்கும் நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, "அண்ணாமலையாரே, எனக்கும் தைராய்டு இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவரிடம் கல்யாணம் கேட்பார்கள், குழந்தை கேட்பார்கள். தைராய்டு கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரிய வியாதி வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். மாத்திரையில் அடங்குகிற மாதிரி ஒன்று. பதினொரு மணி வரைக்கும் சமையலறைப் பக்கம் போகாமல் இருக்கிற மாதிரி ஒன்று.

ரிப்போர்ட் வந்தது. எல்லோரும் ஹாலில் இருக்கும்போது வீட்டுக்காரர் பிரித்துப் படித்தார். பரீட்சை மார்க் படிப்பது போல, "தைராய்டு நார்மல்" என்றார். எனக்கு மனசு விட்டுப் போனது. "கால்சியம் நார்மல். இரும்பு நார்மல். உப்பு நார்மல்." ஒவ்வொரு நார்மலுக்கும் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். அப்புறம் அவர் குரல் மாறியது. "சுகர்ல ஒரு ஸ்டார் போட்டிருக்கான். வெறும் வயித்துலயே ரொம்ப ஜாஸ்தியா இருக்குது."

பயமாகத்தான் இருந்தது. சர்க்கரை வந்து கால் எடுத்தவர்களை எல்லாம் தெரியும். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, பயத்துக்கு முன்னால் வந்தது வேறு. என் பேருக்கு நேராகவும் ஒரு நட்சத்திரம்! ஓரகத்தியை நேராகப் பார்த்தேன். பார்த்தாயா, எனக்கும் இருக்கிறது என்று வாய்வரைக்கும் வந்தது. மாமியார் இப்போது என்ன சொல்லப் போகிறார், "பாவம், இது தெரியாம நானும் பேசிட்டேனே" என்பாரா என்று காத்திருந்தேன்.

"சக்கரதானே?" என்றார் மாமியார். "அதுக்கு ஒடம்பு வேலை செய்யணும். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் டாக்டர் சொன்னாரு. உக்காந்தாத்தான் ஏறுமாம். நல்லா வேலை செஞ்சா தானா எறங்கிடும்."

அடிப்பாவி என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டேன், என் தலைவிதியைப் பார்த்துத்தான்.

மறுநாளே கிரைண்டருக்குத் துணி போட்டு மூடியாகிவிட்டது. கொல்லையில் மழையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்தார்கள். "மாவு கையில ஆட்டு, சக்கர கொறையும்." துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தால் கொறையும். மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் கொறையும். பெரிய தெரு மளிகைக் கடைக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்து போனால் கொறையும். எனக்குச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி, காலையில் பாகற்காய்ச் சாறு. அவளுக்குப் பாதாம் பால், எனக்குப் பாகற்காய். என் வீட்டுக்காரர் பாசமாக ஒரு வார்த்தை சொன்னார்: "பௌர்ணமிக்கு நீயும் கிரிவலம் போய்ட்டு வா, ஒடம்புக்கு நல்லது. சமைச்சு வெச்சுட்டுப் போ."

ஒரு சுரப்பி வேலை செய்யவில்லை என்றால் அவளுக்கு ஓய்வு. எனக்கு ஒரு சர்க்கரை வந்தால் இன்னும் வேலை. நோயிலும் மூத்த மருமகள் நோய், இளைய மருமகள் நோய் என்று இருக்கிறது போல. அந்த நாட்களில் அவள் சோபாவில் சாய்ந்து வாரப் பத்திரிகை புரட்டுவதைக் கொல்லையிலிருந்து, ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவள் ஒரு பக்கம் திருப்பினால் நான் ஒரு சுற்று சுற்றுவேன். எரிகிற எரிச்சலில் மாவு வெண்ணெயாக அரைபட்டது. "கிரைண்டர்ல கூட இப்படி இட்லி வரலயே" என்று வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள்.

மாத்திரை தேவையா என்று கேட்கலாமே என்று டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் கடைசியில் போனோம். மாமியாரும் கூட வந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ரத்தம் எடுத்த அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒன்னும் சாப்பிடலீங்க."

"காபி, டீ?"

"இல்லீங்க."

"ஒன்னுமேவா?"

"பிரசாதம் மட்டும்தாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிரசாதம்னா? விபூதியா?"

"பொங்கல்" என்றேன். "அப்புறம் கொஞ்சம் பஞ்சாமிர்தம்."

"சர்க்கரைப் பொங்கலா?"

மாமியார் இடையில் புகுந்தார். "அது பிரசாதம்ங்க டாக்டரம்மா. சாப்பாடு இல்ல."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணாமலையாருக்குத் தெரியும்மா அது பிரசாதம்னு. ரத்தத்துக்குத் தெரியாது" என்றார். மறுநாள் காலையில், கோயிலில் இருந்து வந்தாலும் சரி, எங்கிருந்து வந்தாலும் சரி, எதையும் வாயில் வைக்காமல் வரச் சொன்னார். போனோம். எடுத்தார்கள். சாயங்காலம் ரிசல்ட் கையில் வந்தது.

"சுகரும் இல்ல, ஒன்னும் இல்ல. எல்லாமே நார்மலா இருக்குது. நிம்மதியாப் போங்க" என்றார் டாக்டர்.

கையில் இருந்த அந்த ஒரு நட்சத்திரமும் போனது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. மாமியார் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, "அழாதடி, அந்த ஈசன் காப்பாத்திட்டான். வீடே உன்னை நம்பித்தானே இருக்குது" என்று என் முதுகைத் தடவினார். அவர் என்னை அப்படித் தொட்டதே அன்றைக்குத்தான். அதற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம், "அப்ப எனக்கு ஏன் இவ்ளோ அலுப்பா இருக்குது?" என்று கேட்டேன்.

"எல்லாம் மனசுதான். டாக்டரே ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்களே. நீயும்தானே சொன்ன, ஒன்னும் இல்லன்னு வந்தா வாயத் திறக்க மாட்டேன்னு" என்றார். சொன்ன வார்த்தையை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள், நான் எத்தனையோ சொல்லியிருக்க, அதை மட்டும்.

ஓரகத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்து வெச்சவங்கக்கா. எனக்கெல்லாம் ஆயுசுக்கும் மாத்திரை" என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன். அவளுக்கு மாத்திரை இருக்கிறது, மாத்திரைக்கு ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேரைச் சொன்னால் வீடு வாயை மூடிக்கொள்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? நார்மல். அந்த நார்மலை வைத்துக்கொண்டு நான் எங்கே போய்ப் படுப்பேன்?

அடுத்த பௌர்ணமி வந்தது. மத்தியானத்துக்குள் ஆரணிக்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் வந்துவிடுவார்கள் என்று முந்தின நாளே போன். காலையில் விழிப்பு வந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், உடம்பு நகரவில்லை. நகர்த்தியிருந்தால் நகர்ந்திருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் நகர்த்தியவள்தானே. அன்றைக்கு நான் நகர்த்தவில்லை. படுத்தே கிடந்தேன்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு மாமியார் வந்து நின்றார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சலா?"

"இல்ல அத்த."

"தலைவலியா? வயித்து வலியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் படுத்துகினு இருக்கிற? இன்னைக்குப் பௌர்ணமி."

"அலுப்பா இருக்குது."

"அதான் ஒன்னும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களேடி."

"ஆமா அத்த. எனக்கு ஒன்னும் இல்ல. இவ்ளோ வேலை செஞ்சா ஒன்னும் இல்லாதவளுக்கும் இப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவருடைய காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் போனது. என்ன பேசப் போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சமையலறையில் அவருக்கு முன்பே யாரோ டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"நீ ஏன்டி இங்க வந்த? மாத்திரை போட்டுட்டுப் போய்ப் படு" என்றது மாமியாரின் குரல்.

"இல்ல அத்த, ரவை வறுத்து வெச்சுடறேன். அக்கா எழுந்திருக்கல" என்றாள் ஓரகத்தி.

"அவளுக்கு இன்னா வந்துது இன்னைக்கு? ஒன்னுமே இல்லயே அவளுக்கு."

"அவங்களுக்கு ரொம்ப அலுப்பு அத்த. நானும் பாத்துகினுதான் இருக்கேன், ரொம்ப நாளா இருக்குது அவங்களுக்கு."

"அப்படியா சொல்ற?" என்றார் மாமியார். "அய்யோ பாவம். சரி, படுக்கட்டும் விடு" என்றார்.

அவ்வளவுதான். நான் பத்து வருஷத்துக்கு மேலாகச் சொன்ன அதே வார்த்தை. அவள் ஒரு தடவை சொன்னாள், அவர் நம்பிவிட்டார். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு, எனக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தவளை நினைத்து வயிறு எரிய எரியப் படுத்திருந்தேன். அப்படியே தூங்கியும் போனேன்.